தாதிக்குத் தத்துவம் எதற்கு?

"தாதிமை படிக்கிற பிள்ளைக்குத் தத்துவம் என்னத்துக்கு?" மொன்ட்ரியால் நகரின் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் நம் தமிழர்களும் இதைக் கேட்கிறார்கள், மேல்மாடி ஹெயிட்டிக் குடும்பமும் கேட்கிறது. குபெக்கில் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே செஜெப் இருக்கிறது. அங்கே பிரெஞ்சில் படிப்பவர் எந்தத் துறையானாலும் மூன்று தத்துவப் பாடங்களில் தேற வேண்டும். தேறாவிட்டால் டிப்ளோமா இல்லை. தொழில் படிக்க வந்த பிள்ளைக்கு இது வீண்சுமை என்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை.

நேரம் போகிறதாம். மூன்றாண்டுப் படிப்பில் மூன்று பாடமும் சேர்ந்து 150 வகுப்பு மணி. இதற்குமேல் பதில் தேவையில்லை.

வேலைக்கு உதவாது என்பதுதான் கனமான வாதம். என் அக்காவின் மகள் தாதிமை படிக்கிறாள். மூன்றாவது தத்துவப் பாடம் அறவியல். அவரவர் துறையோடு பொருத்தி நடத்துகிறார்கள். ஓர் இரவு சமையலறை மேசையில், மருந்தளவுக் கணக்குத் தாளுக்குப் பக்கத்தில் அவளுடைய கட்டுரை கிடந்தது. மாத்திரை வேண்டாமென்று வாயை மூடிக்கொள்ளும் முதியவருக்கு, அதை நசுக்கி ஆப்பிள் கூழில் மறைத்துக் கொடுக்கலாமா? 'கொடுக்கலாம்' என்று எழுதி வெட்டியிருந்தாள். கீழே 'அவருக்கு விளங்காதே' என்று எழுதி அதையும் வெட்டியிருந்தாள். பிறகு, 'விளங்காது என்று யார் தீர்மானிப்பது?'

அக்கா எட்டிப் பார்த்தாள். "மருந்து உள்ளே போனால் சரிதானே பிள்ளை?"

"அம்மா, நாளைக்கு உங்களுக்கு நான் அப்படித் தந்தால்?"

அக்கா கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

இந்தக் கேள்வி சமையலறை மேசையோடு முடிவதில்லை. 2020 வசந்தத்தில் கொரோனா மொன்ட்ரியால்-நோரைக் கடுமையாகத் தாக்கியது. முதியோர் இல்லங்களில் வேலை செய்பவர்கள் பலர் இங்கேதான் குடியிருந்தார்கள். அந்தக் கோடையில் அரசு சம்பளம் கொடுத்து, 10,000 பராமரிப்புப் பணியாளரை மூன்றே மாதத்தில் பயிற்றுவிக்க முனைந்தது. கைவேலையை அப்படிக் கற்றுக்கொடுக்கலாம். பிள்ளைகளை வாசலில் நிறுத்திவிட்டு ஒரு தாயைத் தனியே சாகவிடலாமா என்று யோசிக்கிற மனசுக்கு மூன்று மாதம் போதாது.

அடுத்தது, ஏழைப் பிள்ளைக்கு முதலில் சம்பளம், சிந்தனை பிறகு என்பது. அந்தப் 'பிறகு' வருவதே இல்லை. 1960கள் வரை குபெக்கில் தத்துவம், தேவாலயம் நடத்திய கிளாசிக் கல்லூரிகளின் சொத்து. படித்தவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பையன்கள். கல்வி பற்றிய பாரன் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1967இல் செஜெப்கள் திறந்த பிறகே அது தொழில் படிக்கும் பிள்ளைக்கும் கட்டணமில்லாமல் கிடைத்தது. நம் பக்கமும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 1953இல் ராஜாஜி கொண்டுவந்தது என்ன? பாதி நாள் பள்ளி, மீதி நாள் குடும்பத் தொழில். குலக்கல்வி என்று சொல்லி மக்கள் எதிர்த்தார்கள். மறு ஆண்டே காமராஜர் அதைக் கைவிட்டார். உழைப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு இது போதும் என்ற அதே அளவுகோலை இன்று நாமே எடுத்து நம் பிள்ளைகள்மேல் வைக்கிறோம்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பிரெஞ்சு மூன்றாம் மொழியான பிள்ளை பிளேட்டோவை அந்த மொழியில் படிக்கத் திணறுகிறது. இதில் தவறி டிப்ளோமா தள்ளிப்போனவர்களை எனக்குத் தெரியும். அதற்குச் சிறிய வகுப்பும் மொழி உதவியும் மாலையில் கூட இருந்து படிப்பிக்க ஆளும் வேண்டும். பெற்றோர் செஜெப் வாசலுக்குப் போவதென்றால் இவற்றைக் கேட்கப் போகட்டும்.