அப்பா வந்தால் மட்டும் ஏன் ஈரம்?

மாலை 7 மணி. மயிலாப்பூரில் ஒரு ஃப்ளாட். லிஃப்ட் கதவு சத்தம் கேட்டதுமே மூன்று மாதக் குட்டி வாசலுக்கு ஓடுகிறது. ஆபீஸிலிருந்து வந்த அப்பா, “என்னடா செல்லம்!” என்று குனிகிறார். வால் மட்டுமா, உடம்பே ஆடுகிறது. அடுத்த நொடி டைல்ஸில் ஒரு சின்னக் குளம். “சாமி அலமாரிக்கு எதிர்லயே போயிடுத்து பாரு! யாருக்காவது கொடுத்துடுப்பா” என்கிறார் பாட்டி. பேத்தியின் முகம் வாடிப்போகிறது.

அவசரப்பட்டுக் கொடுத்துவிட வேண்டாம். இது பழக்கத்தின் கோளாறு இல்லை, வயதின் கோளாறு. சிறுநீரை அடக்கும் தசைகள் குட்டிக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. சந்தோஷம் தலைக்கேறினால் பிடி விட்டுப்போகிறது. போனதே பல நேரம் அதற்குத் தெரியாது. பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயதுக்குள் தானாக நின்றுவிடும்.

கெடுப்பது நம் அதட்டல்தான். பிறந்த முதல் சில வாரங்களில் குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நக்கிக்கொடுத்தால்தான் போகும். வளர்ந்த பிறகும், கோபமாக நிற்பவர் முன்னால் காதை மடக்கி, மல்லாந்து, நாலு சொட்டு விடும் குட்டிகள் உண்டு. ‘நான் சின்னவன், விட்டுவிடு’ என்பது அதன் பாஷை. அதற்கும் அடித்தால் இன்னும் நாலு சொட்டு வரும். மூக்கை ஈரத்தில் தேய்ப்பது பழைய காலத்து வைத்தியம்; பயத்தைத் தவிர வேறெதையும் அது கற்றுத்தராது.

மாற வேண்டியது அப்பாவின் வருகைதான். உள்ளே வந்ததும் குட்டியைப் பார்க்காமல், பேசாமல், செருப்பைக் கழற்றி, பையை வைத்து, தண்ணீர் குடிக்கட்டும். மூன்று, நான்கு நிமிடத்தில் துள்ளல் அடங்கும். பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்து, தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல், மார்பில் மெதுவாகத் தடவினால் போதும். இதைவிடச் சுலபம், அவர் வரும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே குட்டியைக் கீழே அழைத்துப்போய் வருவது. போன பை காலியாக இருந்தால் குளமும் இல்லை. விருந்தாளிகளிடமும் சொல்லிவைக்க வேண்டும். “ஐயோ, எவ்ளோ க்யூட்!” என்று பாய்கிற அத்தைகளை நிறுத்துவதுதான் கஷ்டம்.

சிலர் தண்ணீர்க் கிண்ணத்தையே எடுத்துவிடுகிறார்கள். சென்னை வெயிலுக்கு, அதிலும் கத்திரியில், இது ஆபத்து. கிண்ணம் எப்போதும் நிறைந்தே இருக்கட்டும்.

ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கலந்த திரவத்தால் துடைக்கலாம். அம்மோனியா கலந்த க்ளீனர் வேண்டாம். குட்டியின் மூக்குக்கு அதுவும் சிறுநீர் வாசனைதான்.

யாரும் வராதபோதும் சொட்டுகிறது, தூங்கி எழுந்த இடம் நனைந்திருக்கிறது, அடிக்கடி முக்குகிறது, நிறம் சிவக்கிறது என்றால் கதை வேறு. கிருமித் தொற்றாக இருக்கலாம். பெண் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே சிறுநீர்க்குழாய் இடம் மாறியிருக்கும். பக்கத்து கால்நடை மருத்துவரிடமோ, 1903 முதல் இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ காட்டலாம். காலையில் முதலில் போகும் சிறுநீரைச் சுத்தமான சின்ன டப்பாவில் பிடித்துக் கையோடு எடுத்துப்போனால் பரிசோதனைக்கு உதவும்.