பிறந்தவுடன் மரபணுவைப் பதிவு செய்யலாமா?

"பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் மரபணுவையும் அரசாங்கம் பதிவு செய்து வைத்துக்கொண்டால் என்ன? 12 வயதில் அடையாள அட்டைக்குக் கட்டைவிரல் ரேகையைக் கொடுத்தவர்கள்தானே நாம்!" நண்பர்கள் பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லாம் துப்பறியும் தொடர்களின் புண்ணியம். அவற்றில் ஒரு முடி கிடைத்தால் போதும், அடுத்த விளம்பர இடைவேளைக்குள் கொலையாளி அகப்பட்டுவிடுவான்.

நான் மரபணுச் சோதனையை எதிர்ப்பவன் அல்லன். 1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் இம்முறையைக் கண்டறிந்தார். அது முதலில் பயன்பட்டது கொலை வழக்கில் அன்று. 1985-இல் கானாவிலிருந்து திரும்பிய ஒரு சிறுவன், இங்கிலாந்தில் வாழ்ந்த தாயின் சொந்த மகன்தானா என்று குடிநுழைவு அதிகாரிகள் ஐயுற்றனர். சோதனை 'மகன்தான்' என்றது. பிள்ளை தாயிடம் சேர்ந்தான்.

நமக்கு இன்னும் நெருக்கமான நிகழ்ச்சி இலங்கையின் கல்முனையில் நடந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தப்பிய ஒரு கைக்குழந்தை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. அன்று சேர்க்கப்பட்டவர்களில் 81-ஆவது என்பதால் 'குழந்தை 81' என்றே உலகச் செய்திகள் அழைத்தன. தங்கள் பிள்ளை என்று ஒரு தமிழ்த் தம்பதியர் வந்தனர். வேறு பலரும் உரிமை கோரியதாகச் செய்திகள் பரவின. பத்திரங்களையெல்லாம் கடல் கொண்டுபோய்விட்டது. பெற்றவள் எதிரே நிற்கிறாள், காட்டுவதற்கு ஒரு தாள் இல்லை! நீதிமன்றம் சோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பிப்ரவரியில் முடிவு வந்தது. குழந்தை அவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆய்வுக்கூடம் மரபணு முழுவதையும் படிப்பதில்லை. ஏறத்தாழ 20 இடங்களில் ஒரு சிறு கோவை எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணுகிறது, அவ்வளவுதான். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு எண்கள்: ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரைத் தவிர வேறு இருவருக்கு எல்லா எண்களும் ஒத்துப்போவது ஏறக்குறைய நடவாத காரியம். ஆனால் அந்த எண்கள் தனியே நின்று எதையும் சொல்வதில்லை. யாருடைய எண்களோடு ஒப்பிடுகிறோம், மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அவற்றுக்குப் பொருள் உண்டு.

ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள். முகம் தெரியாத ஒரு பெண்ணின் மரபணு ஏறத்தாழ 40 குற்ற இடங்களில் கிடைத்தது. 2007-இல் ஹைல்ப்ரான் நகரில் காவலர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கிலும் அதே மரபணு. காவல் துறை அவளைத் தேடிக் களைத்தது. 2009-இல்தான் உண்மை வெளிவந்தது: அது மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த இடத்தில் வேலை செய்த ஒரு தொழிலாளியின் மரபணு! நாட்டு மக்கள் அனைவரின் மரபணுவும் பதிவில் இருந்திருந்தால், அத்தனைக்கும் அந்தப் பெண்மணியல்லவா பதில் சொல்லியிருக்க வேண்டும்?

குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்களின் மரபணுவைப் பிரிட்டன் காலவரையின்றி வைத்திருந்தது உரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. வழக்காடிய இருவரில் ஒருவன் கைதானபோது அவனுக்கு வயது 11.

நம் நாட்டிலும் 2009-இல் மரபணு அடையாளச் சட்டம் இயற்றப்பட்டு, தரவு வங்கிக்கு வழி பிறந்தது. அதை எல்லாருக்கும் விரிப்பதைப் பற்றிப் பேசும் முன், பிறப்புப் பத்திரமின்றி அல்லாடும் நம் பிள்ளைகளைப் பார்ப்போம். பெற்றோர் இவர்தாம் என்று நிறுவ இச்சோதனை தேவைப்படுவது அவர்களுக்குத்தான். அதை அவர்களுக்கு இலவசமாகச் செய்து கொடுக்க வேண்டும் என்பேன். சோதனை மட்டும் போதாது என்பதும் மெய்தான். 2021-இல் கூட்டரசு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், பிள்ளையின் தந்தை மலேசியர் என்பதில் தகராறே இல்லை. பெற்றோர் மணமுடிக்கும் முன், வெளிநாட்டில், வெளிநாட்டுத் தாய்க்குப் பிறந்தது என்பதால் குடியுரிமை இல்லை என்று ஏழு நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தனர். சட்டம் பயிலும் நம் கழகத்து நண்பர்கள் இதை எடுத்துப் பேச வேண்டும். அடுத்த விவாத மேடைக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருப்பதாகவும் கேள்வி.