மலை திடீரென்று சரிவதில்லை

எங்கே மண்சரிவு நடந்தாலும் மறுநாள் தலைப்புச் செய்தி தயாராக இருக்கும். "இயற்கையின் சீற்றம்!" மலை என்னவோ கோபித்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்த மாதிரி. ஒரு அமைச்சர் வருவார், நிவாரணம் அறிவிப்பார், போவார். யார் மேலும் தப்பில்லை. மழை மேல் கேஸ் போட முடியுமா என்ன?

சாயில் மெக்கானிக்ஸ் கொஞ்சம் படித்தவர்களுக்கே தெரியும், இது பாதிப் பொய் என்று.

சரிவில் இருக்கும் மண்ணை புவியீர்ப்பு எப்போதும் கீழே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. துகள்களுக்கு இடையே உள்ள உராய்வும் பிணைப்பும் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. பிடிக்கும் விசையை இழுக்கும் விசையால் வகுத்தால் வருவதுதான் பாதுகாப்புக் காரணி. அது 1-க்குக் கீழே போனால் மலை இறங்கும், அவ்வளவுதான். மழை இதில் என்ன செய்கிறது? எண்ணெய் மாதிரி வழுக்க வைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உள்ளே புகுந்த நீரின் அழுத்தம், துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசையைக் குறைக்கிறது. அது குறைந்தால் உராய்வும் குறைகிறது. கார்ல் டெர்சாகி 1920-களிலேயே சொன்ன பாடம் இது. நூறு வருஷப் பழசு!

அந்த நீர் அழுத்தத்தை அளக்க பீசோமீட்டர் இருக்கிறது. நிலத்துக்குள் நடக்கும் நகர்வை அளக்க இன்கிளைனோமீட்டர் இருக்கிறது. பல சரிவுகள் விழுவதற்கு முன் மெல்ல நகர்ந்து, பிறகு வேகம் பிடிக்கின்றன. விரிசல் விடும், மரம் சாயும், புதிதாக ஊற்று கிளம்பும். மலை முன்கூட்டியே பேசுகிறது. கேட்பவர் யார் என்பதுதான் கேள்வி.

இத்தாலியின் வயோந்த் அணையை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்த்தேக்கத்தை ஒட்டிய மலையில் 1960-லேயே சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிசல் விட்டது. அதே வருடம் நவம்பரில் சுமார் 7 லட்சம் கன மீட்டர் பாறை ஏரியில் விழுந்தது. அது பழைய மாபெரும் சரிவு ஒன்றின் மிச்சம் என்று எதுவார்தோ செமென்ஸா என்ற புவியியலாளர் எச்சரித்தார். நீர்மட்டத்தை ஏற்றி இறக்கி மலையைக் கட்டுக்குள் வைக்கலாம் என்று பொறியாளர்கள் நம்பினார்கள். 1963 அக்டோபர் 9 இரவு சுமார் 27 கோடி கன மீட்டர் மலை ஏரிக்குள் இறங்கியது. அணையைத் தாண்டி எழுந்த அலையில் கிட்டத்தட்ட 2,000 பேர் செத்தார்கள். அணை? இன்றும் அப்படியே நிற்கிறது.

சரி, அது அந்தக் காலம் என்பீர்கள். 2013 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் யூட்டாவில் பிங்கம் கேன்யன் தாமிரச் சுரங்கத்தில் 6 கோடி கன மீட்டருக்கும் மேல் சரிந்தது. ஒருவருக்கும் காயமில்லை. நகர்வை ரேடார் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஆட்களை முன்பே வெளியேற்றிவிட்டார்கள். சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் கிராமத்தை 2023 மே மாதம் காலி செய்தார்கள். ஜூனில் மலை வந்து ஊர் எல்லையில் நின்றது. உயிர்ச்சேதம் இல்லை.

இப்போது இலங்கைக்கு வாருங்கள். பதுளை மாவட்டம், கொஸ்லாந்தை, மீரியபெத்தை தோட்டம். அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. 2014 அக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. செத்தவர்கள் தேயிலை பறித்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். முதல் எச்சரிக்கைக்கும் மண் விழுந்ததற்கும் இடையே 9 வருடங்கள்! இதையா 'திடீர்' என்கிறோம்?

"சொன்னோம், அவர்கள்தான் போகவில்லை" என்பது வழக்கமான பதில். எங்கே போவார்கள்? காணி அவர்களுடையது அல்ல, லயம் அவர்களுடையது அல்ல. லயத்தை விட்டால் வேலையும் போகும். மாற்று இடம் கொடுக்காமல் "கிளம்பு" என்று சொல்வது எச்சரிக்கை இல்லை, பழியை முன்கூட்டியே கைமாற்றும் வேலை.

"எந்த மணிக்குச் சரியும் என்று விஞ்ஞானத்தால் சொல்ல முடியாதே" என்பது அடுத்த பதில். பல இடங்களில் உண்மைதான். குறிப்பாக பெருமழையில் அடித்து வரும் சேற்று ஓட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் குடியிருப்பை மாற்றுவதற்கு மணி தெரிய வேண்டியதில்லை, இடம் தெரிந்தால் போதும். மீரியபெத்தையில் இடம் தெரிந்திருந்தது.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் அதே கதை. மறுபடி தேயிலை, மறுபடி லயம், மறுபடி தமிழ்த் தொழிலாளர்கள். 70 பேர். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல், விஷயம் வெளியுலகுக்குத் தெரியவே மறுநாள் காலை ஆனது. தாமிரத்துக்கு ரேடார், தேயிலை பறிப்பவருக்கு சிக்னல்கூட இல்லை.

ஆராய்ச்சி போதவில்லை என்று இனியும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆராய்ச்சி நடக்கட்டும், நடக்க வேண்டும். ஆனால் அபாய வரைபடம் பீரோவில் தூங்கினால் அது விஞ்ஞானம் இல்லை, வெறும் காகிதம். வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் ஒவ்வொரு குடியிருப்புக்கும் மாற்றுக் காணி எங்கே, எந்தத் தேதிக்குள் என்று அதே பக்கத்தில் எழுதச் சட்டம் வேண்டும்.

அடுத்த முறை 'இயற்கையின் சீற்றம்' என்று படிக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். விரிசலை முதலில் பார்த்தது எப்போது? யாரிடம் சொன்னார்கள்? போக இடம் கொடுத்தார்களா?

பதில் வந்த பிறகு முடிவு செய்யுங்கள், சீறியது இயற்கையா, தூங்கியது மனிதரா என்று.