பாட்டியின் முகம் ஏன் மங்கியது?

சென்ற ஆண்டு எங்கள் பாட்டியின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி நாளிதழில் வெளிவந்தது. அம்மா ஆசையோடு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கம்மா மாதிரியே இல்லையேடா” என்றார். கண், மூக்கு எல்லாம் கலங்கிக் கிடந்தன.

பத்திரிகை மீது தவறில்லை. படத்தைக் கொடுத்தவன் நான்தான்.

பாட்டியோடு கொண்டாடிய கடைசித் தீபாவளியன்று தம்பி கைப்பேசியில் எடுத்த குடும்பப் படம் அது. வாட்ஸ்அப் குழுவிலிருந்து இறக்கி, பாட்டியை மட்டும் வெட்டி அனுப்பினேன். திரையில் பளிச்சென்றுதான் இருந்தது. தாளில் ஏன் மங்கியது?

கணக்கு எளிது. டிஜிட்டல் படம் என்பது பிக்சல் எனும் சிறு புள்ளிகளின் தொகுப்பு. செய்தித்தாளில் படம் தெளிவாக விழ ஓர் அங்குலத்துக்கு 200 பிக்சலாவது இருப்பது நல்லது. வழவழப்பான தாளில் அச்சாகும் அழைப்பிதழ், மலர் போன்றவற்றுக்கு 300 வேண்டும். நினைவஞ்சலிப் படத்தின் அகலம் 5 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 2 அங்குலம். ஆக, 400 பிக்சல் தேவை.

தம்பி எடுத்த படத்தின் அகலம் 4,000 பிக்சல். கூட்டத்தில் பாட்டி பிடித்த இடம் பத்தில் ஒரு பங்கு. அதாவது 400. போதுமானதுதான்! ஆனால், வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. எங்கள் குழுவுக்கு வந்தது 1,600 பிக்சல். அதில் பாட்டியின் பங்கு 160 மட்டுமே. அதை 2 அங்குலத்துக்கு இழுத்தால் கலங்காமல் என்ன செய்யும்?

மூலப்படத்தைத் தம்பியிடம் கேட்டேன். “குழுவில்தான் இருக்கேன்னு அழிச்சிட்டேண்ணே” என்றான். அப்போதுதான் மனம் கனத்தது. கணினியில் ‘72’ என்றிருப்பதை ‘300’ என்று மாற்றிப் பார்த்தேன். எண்தான் மாறியது, இல்லாத புள்ளிகள் எங்கிருந்து வரும்?

அச்சுக்குப் படம் கொடுக்கப் போகிறவர்கள் இவற்றை மனத்தில் வையுங்கள்:

• படத்தை எடுத்தவரிடமிருந்தே மூலப்படத்தைக் கேட்டு வாங்குங்கள். குழுவில் வந்ததும், பேஸ்புக்கில் இருப்பதும், திரையைப் பிடித்த ‘ஸ்கிரீன்ஷாட்’டும் மூலப்படம் ஆகாது.

• வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டுமென்றால், படமாக அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ஆக அனுப்புங்கள். அப்போது சுருங்காது. மின்னஞ்சலில் அனுப்பினால், அளவைக் குறைக்கட்டுமா என்று கைப்பேசி கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லுங்கள்.

• ஜேபெக் வடிவம் எங்கும் ஏற்கப்படும். ஐபோன் படங்கள் பல ‘ஹீக்’ வடிவில் இருக்கும். சில அச்சகங்களில் அது திறக்காது. ஜேபெக்காக மாற்றிக் கொடுங்கள். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். பிரதியில் திருத்துங்கள், மூலத்தைத் தொடாதீர்கள்.

• பழைய படத்தைக் கைப்பேசியில் படம் பிடித்தால் பளபளப்பும் சாய்வும் சேர்ந்துவிடும். ஸ்கேன் செய்வதே நல்லது. சிறிய படத்தை 600-இல் ஸ்கேன் செய்யுங்கள்.

இந்தக் கடைசிக் குறிப்புதான் எங்களைக் காப்பாற்றியது. அம்மா பழைய பிஸ்கட் டின்னைக் கிளறி, பாட்டியின் கடப்பிதழ் அளவுப் படம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அகலம் மூன்றரை சென்டிமீட்டர்தான். 600-இல் ஸ்கேன் செய்ததும் 800 பிக்சலுக்கு மேல் கிடைத்தது. இந்த ஆண்டு நினைவஞ்சலியில் பாட்டியின் மூக்குத்திகூடத் தெரிந்தது. அம்மா அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சாமி அறையில் வைத்திருக்கிறார்.

ஆனாலும், அந்தத் தீபாவளிச் சிரிப்பு போனது போனதுதான். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மூலப்படங்கள் யார் கைப்பேசியில் இருக்கின்றன? இந்த வாரமே கேட்டு வாங்கி, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.