என்னைப் ‘பொறுமைசாலி ரசிகன்’ என்று பாராட்டாதீர்கள்

ஹாஸ்டலில் விடியற்காலை நாலு மணிக்கு அலாரம் வைக்கிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, அன்றைக்குப் பரீட்சை இருப்பவன். இன்னொன்று நான். பிட்ஸ்பர்கில் சாயங்காலம் 6.40க்கு ஆரம்பிக்கிற பேஸ்பால் மேட்ச், நமக்கு அதிகாலை 4.10.

ஒரு நாள் ரூம்மேட் போர்வைக்குள்ளிருந்தே கேட்டான். “மச்சி, இன்னிக்கும் தோத்தாச்சா?”

“ஆச்சு.”

“நீதான்டா உண்மையான ரசிகன். உன் பொறுமைக்குக் கோயில் கட்டணும்.”

பாவம், நல்லெண்ணத்தோடுதான் சொன்னான். ஆனால் அந்த வார்த்தை அன்றைக்கு முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. அதைப் பற்றித்தான் இந்தப் புலம்பல். இல்லை, புலம்பல் இல்லை. சண்டை.

முதலில் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். என் டீம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். 2008ல் நம் நாட்டிலிருந்து ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு பையன்களை ஒப்பந்தம் செய்தார்களே, அதே டீம். அந்தக் கதைதான் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று படமாக வந்தது, ரஹ்மான் இசை. அப்பாவுக்குச் சில வருடம் பிட்ஸ்பர்கில் வேலை. எனக்கு இந்த வியாதி ஒட்டிக்கொண்டது அங்கேதான். அப்பா ஊர் திரும்பிவிட்டார், வியாதி திரும்பவில்லை :-)

ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். பாதிக்கு மேல் தோற்றால் அது தோல்வி சீசன். பைரேட்ஸ் 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன் அப்படித் தோற்றது. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகள் எதிலும் வேறெந்த அணிக்கும் இந்தப் ‘பெருமை’ கிடையாது. கடைசியாகக் கோப்பை வென்றது 1979ல். என் அப்பாவே அப்போது டவுசர் போட்ட பையன்.

2013 அக்டோபர் 1ம் தேதியை மட்டும் மறக்க முடியாது. எனக்குப் பத்து வயது. 21 வருடத்துக்குப் பிறகு பிளே ஆஃப் ஆட்டம். மைதானத்தில் நாற்பதாயிரம் பேர், எல்லோரும் கறுப்புச் சட்டை. சின்சினாட்டி பிட்சர் ஜானி குவேட்டோவின் பெயரை மொத்த மைதானமும் இழுத்து இழுத்துக் கத்துகிறது. அவர் கையிலிருந்த பந்து நழுவிக் கீழே விழுகிறது. அடுத்த பந்தை ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன் அடிக்கிறார். எங்கள் வீட்டு சோபாவில் அப்பா என்னைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். 6-2 ஜெயித்தோம். அந்த ஒரு ராத்திரியை வைத்துக்கொண்டுதான் இன்று வரை நாலு மணிக்கு எழுந்துகொண்டிருக்கிறேன்.

2014லும் 2015லும் வைல்ட் கார்டு என்ற ஒற்றை ஆட்டத்திலேயே வெளியே. 2015ல் 98 ஆட்டம் ஜெயித்தும் அப்படி. அதற்குப் பிறகு 2025 சீசன் முடிய ஒரு பிளே ஆஃப் கூடக் கிடையாது. 2021ல் 101 தோல்வி, 2022ல் 100.

சரி, மேட்டருக்கு வருவோம். இதையெல்லாம் சொன்னால் மூன்று விதமான ஆறுதல் வரும். மூன்றுமே தப்பு.

முதல் ஆறுதல்: “விடுப்பா, ராசியில்லாத டீம்.”

பாஸ்டன், சிகாகோ ரசிகர்கள் சாபம் என்று சொல்லிப் பல தலைமுறை ஓட்டினார்கள். பாஸ்டன் 2004ல் ஜெயித்தது, சிகாகோ கப்ஸ் 2016ல் ஜெயித்தது. சாபம் கதைக்கு நல்லது. பிட்ஸ்பர்க் கதை வேறு. 2009 பிப்ரவரியில் அதே ஊரின் ஸ்டீலர்ஸ் ஃபுட்பாலில் சூப்பர் பௌல் ஜெயித்தார்கள். ஜூனில் அதே ஊரின் பெங்குவின்ஸ் ஐஸ் ஹாக்கியில் ஸ்டான்லி கோப்பை ஜெயித்தார்கள். அதே வருடம் பைரேட்ஸ் 99 ஆட்டம் தோற்றார்கள். மூன்று டீமுக்கும் அதே கறுப்பு-தங்க நிறம், அதே ஆறு, அதே பாலம். ராசியில்லாத ஊர் என்றால் மற்ற இரண்டு பேருக்கும் எங்கிருந்து வந்தது ராசி?

இரண்டாவது ஆறுதல்: “சின்ன ஊர், காசு இல்லை, என்ன செய்வார்கள்?”

இதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வருகிற இடம். பணக்கார டீம்கள் கொட்டிக் கொடுப்பது உண்மை. 2025ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் சம்பளம் 30 கோடி டாலருக்கும் மேல், பைரேட்ஸ் 10 கோடிக்கும் கீழ். ஆனால் மில்வாக்கியைப் பாருங்கள். டிவி சந்தைக் கணக்கில் பிட்ஸ்பர்கை விடச் சின்ன ஊர். 2025ல் 97 வெற்றியோடு லீக்கிலேயே முதலிடம். பைரேட்ஸ் அதே பிரிவில் 71.

காசு இல்லையாம்! 2010ல் டீமின் கணக்குப் புத்தகம் கசிந்தது. 2007, 2008 இரண்டு வருடமும் தோற்று நொந்த டீம், அந்த இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட 2.9 கோடி டாலர் லாபம் பார்த்திருந்தது. எப்படி என்கிறீர்களா? பணக்கார டீம்களின் வருமானத்தில் ஒரு பங்கு மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. லீக்கின் டிவி பணத்திலும் பங்கு உண்டு. தோற்றாலும் அது வரும். இங்கிலாந்து கால்பந்து மாதிரி கடைசியில் வந்தால் கீழ் லீக்குக்கு இறக்குகிற வழக்கமும் கிடையாது. மாறாக, தோற்றவனுக்குத்தான் புது வீரர்களைத் தேர்வு செய்வதில் முன்னுரிமை. இப்படித் தோல்விக்குத் தண்டனையே இல்லாத கடையில் முதலாளி எதற்குச் செலவு செய்வார்?

மைதானத்தையாவது சொந்தக் காசில் கட்டினார்களா? 1997ல் அதற்காக விற்பனை வரி போடலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். மக்கள் வேண்டாம் என்றார்கள். அப்புறமும் வேறு வழியில் பெரும்பகுதி பொதுப்பணத்தில்தான் 2001ல் திறந்தார்கள்.

நல்ல வீரன் வந்தாலும் இதே கதைதான். 2013ல் லீக்கின் சிறந்த வீரர் விருது வாங்கிய மெக்கட்ச்சனையும், தேர்வில் முதல் ஆளாக எடுத்த கெரிட் கோலையும் 2018 ஜனவரியில் அடுத்தடுத்து வேறு டீம்களுக்கு அனுப்பினார்கள். பால் ஸ்கீன்ஸ் 2025ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.97 ரன். அவர் கணக்கில் வெற்றி 10, தோல்வி 10. இரண்டு ரன் கூடக் கொடுக்காத ஆளுக்கு பாதிக்குப் பாதி தோல்வி! அவருக்கும் வேறு டீம் சட்டை மாட்டிவிடுகிற நாள் எப்போது என்றுதான் ஒவ்வொரு மேட்சிலும் பயந்துகொண்டே பார்க்கிறேன்.

மூன்றாவது ஆறுதல்தான் ரூம்மேட் சொன்னது: “உண்மையான ரசிகன் பொறுமையா இருப்பான்.”

யாருக்கு லாபம் இந்தப் பொறுமையால்? நாம் தோல்வியைத் தியாகமாக மாற்றிக்கொண்டு, டிக்கெட்டும் தொப்பியும் வாங்கிக்கொண்டு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிற வரைக்கும் அங்கே யாருக்கும் தூக்கம் கெடாது. எனக்குத்தான் கெடும், நாலு மணிக்கு.

2025 ஏப்ரலில் நடந்ததைக் கேளுங்கள். ராபர்ட்டோ கிளெமெண்டே என்று ஒரு மகான். 18 சீசனும் பைரேட்ஸுக்கே ஆடி 3000 ஹிட் அடித்தவர். நிகராகுவா பூகம்பத்துக்கு உதவிப் பொருள் கொண்டுபோன விமானம் 1972 டிசம்பர் 31ல் விழுந்து இறந்துபோனார். மைதானச் சுவரில் இருந்த அவருடைய 21ம் எண் சின்னத்தை எடுத்துவிட்டு ஒரு மதுபான விளம்பரத்தை வைத்தார்கள். அதே மாதம், ரசிகர்கள் காசு கொடுத்துப் பெயர் பொறித்து மைதான வாசலில் பதித்திருந்த செங்கற்கள், பழைய கல் உடைக்கிற இடத்தில் குவியலாகக் கிடந்தன.

இந்தத் தடவை ரசிகர்கள் பொறுமையாக இருக்கவில்லை. “டீமை வித்துட்டுப் போ” என்று மைதானத்திலேயே கத்தினார்கள். சில நாட்களில் 21 திரும்பச் சுவருக்கு வந்தது.

கவனியுங்கள். முப்பது வருடப் பொறுமை ஒரு கோப்பையைக் கூட வாங்கித் தரவில்லை. சில நாள் கோபம் கிளெமெண்டேவைத் திரும்ப வாங்கித் தந்தது.

“அப்ப வேற டீமுக்கு மாறிடேன்” என்கிறீர்களா? மாட்டேன். என்னைத் தூக்கிப் போட்டுப் பிடித்த அந்த சோபா ராத்திரி முதலாளியின் சொத்து இல்லை. அது எனக்கும் அப்பாவுக்கும் சொந்தம். டீமை நேசிப்பதும் முதலாளிக்குப் பொறுமை காட்டுவதும் ஒன்று என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. ஒன்றைச் செய்கிறவன் இன்னொன்றைச் செய்யக்கூடாது என்பதுதான் என் கட்சி.

அதனால் அலாரம் அடிக்கத்தான் செய்யும். எழுந்திரிப்பேன், ஸ்கோர் பார்ப்பேன், திட்டுவேன். அவர்கள் கடையில் ஒரு தொப்பி கூட வாங்க மாட்டேன். தயவுசெய்து யாரும் கோயில் மட்டும் கட்டிவிடாதீர்கள்.

டிஸ்கி: ரூம்மேட்டின் கெட்டுப்போன தூக்கத்துக்கு நான் பொறுப்பல்ல. அவனும் முதலாளியைத்தான் கேட்க வேண்டும் :-)