மனுதாரருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை

மதிப்பிற்குரிய மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

தங்கள் அலுவலகத்தில் ஒன்று, ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஒன்று, முதல்வரின் தனிப்பிரிவுக்கு ஒன்று என மூன்று மனு கொடுத்துவிட்டேன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில்: ‘மனுதாரருக்கு உரிய சிகிச்சை அளிக்கப்பட்டது.’ மனுதாரர் நான். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை ஐயா. படுத்துக் கிடந்தவள் என் தங்கை.

பிரசவமாகி 18-ஆம் நாள் அவளுக்கு வலது மார்பில் பால் கட்டியது. குளிர்காய்ச்சல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாரசிட்டமால் கொடுத்து, “அந்தப் பக்கம் பால் கொடுக்காதே, மல்லிகைப்பூ வைத்துக் கட்டு” என்று அனுப்பிவிட்டார்கள். மல்லிகைப்பூ, பால் வற்றுவதற்குக் கட்டுவது. பிள்ளை தவறிப்போன வீட்டில் கட்டுவார்கள் என்று அதைக் கேட்டதுமே என் அம்மா அழுதுவிட்டார். கட்டிய பாலை வெளியேற்றாமல் தேக்கினால் சீழ் பிடிக்கும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வாரத்தில் மார்பு சிவந்து வீங்கித் தோல் மினுமினுத்தது. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பிரசவ வார்டில் “இது சர்ஜரி கேஸ்” என்றார்கள். சர்ஜரியில் “பிள்ளை பெற்றவள்தானே, அங்கேயே காட்டு” என்றார்கள். அந்தக் காய்ச்சலோடு இரண்டு கட்டடத்துக்கும் நடுவே நான்கு தடவை நடந்தாள். ஸ்கேன் டாக்டர் புதன்கிழமைதான் வருவாராம். அன்று வெள்ளி. ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் சீழை உறிஞ்சி எடுக்கலாமாமே? புதன்வரை சீழ் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மயக்கம் கொடுத்துக் கீறினார்கள். கீறிய டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன்; அந்த நேரத்தில் அந்த மனிதர் ஒருவர்தான் ஓடி வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் மூன்று மனுவிலும் எழுதினேன். நீங்கள் படிக்கவில்லை.

சர்ஜரி வார்டில் கைக்குழந்தைக்கு அனுமதி இல்லை. 27 நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் அம்மா 6 நாள் வெளியே வேப்பமரத்தடித் திண்ணையில் கிடந்தார். பிள்ளை அழுதால் நான் மாடிக்கு ஓடுவேன். தங்கை ஒரு கையால் கட்டுத்துணியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி வருவாள். போகிறவர் வருகிறவர் பார்க்க, முந்தானையால் மறைத்து இடது பக்கம் கொடுப்பாள். ராத்திரி வாட்ச்மேன் கதவைப் பூட்டிவிடுவார். மேலே அவளுக்குப் பால் கட்டும். கீழே பிள்ளைக்குப் பால் பவுடர் கரைப்போம். அந்தப் படிக்கட்டுச் சுவரில்தான் தாய்ப்பாலின் மகிமை பற்றிய பலகை இருக்கிறது, கொழுகொழு குழந்தைப் படத்தோடு. ஆகஸ்ட் முதல் வாரம், தாய்ப்பால் வாரம் வந்தால் அதற்கு மாலை போடுகிறீர்களா?

2015-லேயே பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்த மாநிலம் இது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவளுக்குக் கிடைக்கிற கதவும் நாற்காலியும், மார்பு அறுபட்டுக் கிடப்பவளுக்கு ஏன் இல்லை? ஒரு தொட்டில் போட என்ன ஆகும்? அதற்கும் டெண்டர் விட வேண்டுமென்றால் சொல்லுங்கள், எங்கள் வீட்டுத் தொட்டிலைக் கொண்டுவந்து தருகிறேன். பிள்ளைக்கு இனி அது தேவைப்படாது, தவழ ஆரம்பித்துவிட்டான்.

போன வாரம் அவனுக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட அதே அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தோம். அதே திண்ணையில் வேறொரு பாட்டி, மடியில் துணியில் சுற்றிய பச்சைக் குழந்தையோடு, மாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

இப்படிக்கு,
உங்கள் கோப்பில் ‘உரிய சிகிச்சை’ பெற்ற மனுதாரர்