கறுப்புத் திரையை ஏளனம் செய்யலாமா?



பில் போடும் சாப்ட்வேர் விற்க வருகிற தம்பிகள் நம் பழைய கறுப்புத் திரையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "படத்தைப் பார்த்து மவுஸால் அமுக்கினால் போதும் ஐயா" என்கிறார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நானும் மாற்றினேன். பழைய பாக்ஸ்புரோ புரோகிராமைத் திருத்த ஆள் கிடைக்கவில்லை. புது மிஷினில் இருந்த 64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடவும் ஓடாது.

அந்த வருடத் தீபாவளியை மறக்க முடியாது. எங்கள் கணக்குப்பிள்ளை சிட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே சரக்கு நம்பர், அளவு, என்டர் என்று தட்டிக்கொண்டே போவார். புதியதில் ஒவ்வொரு வரிக்கும் கை மவுஸுக்குப் போய் வந்தது. வண்டியோடு காத்திருந்த சில்லறைக் கடைக்காரர் இருவர் பக்கத்து மண்டிக்குப் போய்விட்டார்கள். ஒருவர் இன்றுவரை திரும்பவில்லை.

பில் தாமதத்தைவிடப் பெரிய சங்கடம் பழுது பார்ப்பதில்தான். முன்பு கரண்ட் போய் இண்டெக்ஸ் கெட்டால், சாப்ட்வேர்காரர் போனில் ஒரு வரி சொல்வார், அடித்ததும் சரியாகிவிடும். அந்த வரியை அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேல் ஒட்டியிருந்தோம். இப்போது, "வலது மூலையில் நீலப் படம் இருக்கிறதே" என்கிறார். எங்கள் திரையில் அது இல்லை. கடைசியில், "ஒரு ஆப் போடுங்கள், நானே உள்ளே வந்து பார்க்கிறேன்" என்கிறார். நம் கொள்முதல் விலை, யார் எவ்வளவு கடன் பாக்கி எல்லாம் அவர் கண் முன்னால். பேரேட்டை முன்பின் தெரியாதவரிடம் நீட்டுவோமா?

படத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. புதிதாகச் சேரும் பையனுக்கு அதுதான் சுலபம். கறுப்புத் திரையில் அழிக்கும் வரியைத் தப்பாக அடித்தால், கேள்வி கேட்காமலே போய்விடும் ஆபத்தும் உண்டு. ஆனாலும் பெரிய கம்பெனிகளின் லினக்ஸ் சர்வர்களை இன்றும் வரி அடித்துத்தான் நிர்வகிக்கிறார்கள். டேலியிலும் விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9 என்று விசையிலேயே வேலை நடக்கிறது.

பணம் கொடுக்குமுன், மவுஸைக் கழற்றிவிட்டு 20 வரி பில் ஒன்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அன்றாடக் கணக்கை ஒரே வரியில் நகல் எடுக்க வழி உண்டா என்றும் கேளுங்கள். டாஸ் காலத்து எக்ஸ்காப்பி விண்டோஸிலும் இருக்கிறது. சென்ற வருடம் நாங்கள் மறுபடியும் வேறு சாப்ட்வேருக்கு மாறினோம். இரவு புரோகிராமை மூடிவிட்டு, கணக்குப்பிள்ளை அட்டையைப் பார்த்து அந்த வரியை அடித்து பென் டிரைவில் ஏற்றிவிடுகிறார். மவுஸ் மேஜை டிராயருக்குள் இருக்கிறது.